வீட்டின் பேரில்

வீட்டுக்கும் கடன் வரும் என்பதைப் புஸ்பராணி ஐம்பத்தெட்டாவது வயதில்தான் கேள்விப்பட்டாள். மனிசருக்கு வரும், கடைக்கு வரும், கோயிலுக்குக்கூட வரும். நாலு சுவரும் ஒரு கூரையுமாகப் பேசாமல் நிற்கிற வீடு யாரிடம் போய்க் கை நீட்டப் போகிறது என்று அவள் சிரித்தாள். சொன்னவன் மருமகன் சிவரூபன். மருமகன் என்றால் மகளைக் கட்டியவன் அல்ல, புருஷன் குஞ்சித்தம்பியின் தங்கச்சி மகன். மட்டக்களப்புப் பக்கத்தில் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் பார்க்கிறதில்லை. தங்கச்சி மகன் பிறந்த அன்றைக்கே பாதி மருமகன். மிச்சப் பாதிக்குத்தான் தாலி.

ஊரில் சண்டை முடிந்து நாலரை வருஷம். அந்த மார்கழியில் ரொறன்ரோவில் மழை பெய்து, பெய்த மழை விழுந்த இடத்திலேயே ஐஸாகிப் போனது. மரக் கொப்புகள் கண்ணாடிக் குழாய் மாதிரி ஆகி, பாரம் தாங்காமல் முறிந்து மின்சாரக் கம்பிகளின் மேல் விழுந்தன. வோபர்ன் பகுதியில் அவர்கள் இருந்த தெரு முழுக்க இருட்டு. பக்கத்து வீட்டு யோசப்பின் வீடு அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் சூட்டைப் பிடித்து வைத்திருந்தது. புஸ்பராணியின் வீடு சாயங்காலம் ஆகுமுன்னமே கைவிட்டுவிட்டது. செங்கல் வீடுதான், பார்வைக்கு நல்ல திடகாத்திரம். ஆனால் அந்தக் காலத்தில் கட்டியவர்கள் சுவருக்கு நடுவில் வெறும் இடைவெளியை விட்டுவிட்டு வேலை முடிந்தது என்று போய்விட்டார்கள்.

நாலு பேரும் குசினியில் காஸ் அடுப்பைச் சுற்றிப் போர்வையோடு இருந்தார்கள். குஞ்சித்தம்பி, புஸ்பராணி, மகள் தேனுகா, சிவரூபன். கொதிக்கிற பருப்புக்குள் முருங்கையிலையைப் போட்டு அவள் கிளறிக்கொண்டிருந்தபோதுதான் சிவரூபன் கதையை எடுத்தான். அவன் அப்போது வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் மாற்றி, குளிர் புகாமல் கூரைக்கும் சுவருக்கும் பஞ்சு அடைக்கிற சின்னக் கொம்பனி ஒன்று நடத்திக்கொண்டிருந்தான்.

"மாமி, சிட்டி இப்ப ஒரு திட்டம் தொடங்குது. புது ஃபேர்னஸ், கூரைக்கு இன்சுலேஷன், சுவருக்குள்ளயும் அடைக்கலாம். நாம கைக்காசு போடத் தேவல்ல. சிட்டி குடுக்கும். பிறகு வருசா வருசம் வீட்டு வரியோட சேத்துக் கட்டுற."

"அப்ப அது கடன்தானே மனே."

"கடன்தான். ஆனா உங்கட பேரில இல்ல, வீட்டுர பேரில. நீங்க வீட்டைக் குடுத்தாலும் வித்தாலும் அது உங்களோட வராது. வீட்டோட நிக்கும். ஆரு அந்த வீட்டில இரிக்காங்களோ அவங்க கட்டுற."

"நல்ல கூத்து! நாம போர்த்திக்கொண்டு இரிக்க வீடு கடன் வாங்குதாம்," என்றாள் புஸ்பராணி.

குஞ்சித்தம்பி சிரிக்கவில்லை. பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்கிற மனிசன், எந்தக் கதையையும் இரண்டு தரம் யோசிக்கிறவர். அன்றைக்கு ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. "இதில யோசிக்க என்ன இரிக்கு?" என்றார். "வீடு ஆருக்கு? தேனுகாக்கு. தேனுகா ஆருக்கு? அப்ப அவன் அவன்ட வீட்டுக்குத்தான் செய்யப் போறான்."

தேனுகா எழும்பிப் போய் இன்னொரு போர்வை எடுத்து வந்தாள். வெட்கப்படுகிறாள் என்று தாய் நினைத்தாள். தாய்மாருக்குப் பிள்ளையின் முகம் தெரியும் என்பதெல்லாம் சும்மா கதை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண் எவ்வளவு உழைத்தாலும் உழைப்பு முழுக்க மகளுக்குப் போகிற வீட்டில்தான் போய்ச் சேரும். மகள் கலியாணம் கட்டினால் தாயும் தகப்பனும் அந்த வீட்டை விட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன இடத்துக்கு ஒதுங்குவார்கள். புஸ்பராணியின் தாய் அப்படித்தான் ஒதுங்கினாள். கனடாவுக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆன பிறகும் புஸ்பராணிக்கு இது மாறவில்லை. ஆஸ்பத்திரித் துணிகள் தோய்க்கிற ஒரு பெரிய லோண்ட்றியில் அவளுக்கு வேலை. ஆவி பறக்கிற வெள்ளைத் துணியை இரண்டு பேராக இழுத்துப் பிடித்து மெஷினுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிற வேலை. கை சிவந்து, பிறகு கறுத்து, இப்போது சூடே தெரியாத கையாகிப் போனது. அத்தனையும் இந்த வீட்டுக்கு, வீடு தேனுகாவுக்கு.

வீட்டில் பெரிய அறை முன்னறைதான். கிழக்கு வெயில் விழும். அதில் ஒருவரும் படுக்கவில்லை. புதுக் கட்டில் வாங்கி, மெத்தையில் சுற்றிய பிளாஸ்ரிக்கைக்கூடக் கழற்றாமல் வைத்திருந்தாள். கலியாணம் முடிந்ததும் பிள்ளைகள் மேலே, தானும் புருஷனும் நிலத்துக்குக் கீழே பேஸ்மென்றில். அவள் மனதில் எல்லாம் முடிந்த காரியம்.

சிவரூபன் மேல் அவளுக்கு இருந்தது மருமகன் பாசம் மட்டும் இல்லை. சண்டையின் கடைசி மாதங்களில் அவன் வன்னிக்குள் அகப்பட்டுக்கொண்டான். லொறி ஓட்டப் போனவன், திரும்புகிற பாதை மூடிவிட்டது. களுவாஞ்சிகுடியிலிருந்து அவனுடைய தாய், அவளுக்கு மச்சாள், போனில் அழுதுகொண்டே இருந்தாள். அந்த வைகாசியில் ரொறன்ரோச் சனம் சண்டையை நிறுத்தச் சொல்லி, வேலையையும் சாப்பாட்டையும் விட்டு ரோட்டில் நின்றபோது, புஸ்பராணி லோண்ட்றி முடிந்த கையோடு சப்வே ஏறிப் போய் யூனிவர்சிற்றி அவெனியூவில் நிற்பாள். சிவரூபனின் பாஸ்போட் படத்தைப் பெரிதாக்கி மட்டையில் ஒட்டி மழைக்குள் தூக்கிப் பிடித்தாள். பக்கத்தில் தேனுகா. எல்லாம் முடிந்தது என்று செய்தி வந்த அன்றைக்கு அந்த மட்டையைக் கொண்டுவந்து சாமித்தட்டுக்குக் கீழே வைத்தாள், கிழிக்க மனம் வரவில்லை. பிறகு அவன் முள்ளுக்கம்பி முகாமுக்குள் இருக்கிறான் என்று தெரிந்தது. பிறகு கப்பல் ஏறினான். கனடாவில் கொஞ்ச நாள் உள்ளே வைத்திருந்து விட்டபோது நேரே வந்து இறங்கியது வோபர்ன் வீட்டுப் பேஸ்மென்றில். முதல் மாதம் முழுக்க அவன் சோற்றைக் கையால் மூடிக்கொண்டு சாப்பிட்டான். அதைப் பார்த்து அவள் குசினிக்குள் போய் நின்று அழுதிருக்கிறாள்.

மகனாக நினைத்தாள். சொல்லிவிட்டுப் போகலாம், அதில் என்ன இருக்கிறது.

சித்திரை பிறந்து பனி கரைந்ததும் வேலை தொடங்கியது. முதலில் ஃபேர்னஸ். பிறகு கூரை. கராஜ் நிறையக் கடதாசிப் பஞ்சு மூட்டைகளை இறக்கி அடுக்கினார்கள். சுவர் வேலைக்கு அறைக்கு அறை வரிசையாக வட்ட ஓட்டை போட்டு, குழாய் விட்டு அந்தப் பஞ்சை ஊதி அடைத்து, பிறகு ஓட்டையை மரக்கட்டை மூடியால் மூடி, பூசி, பெயின்ற் அடிக்க வேண்டும். புஸ்பராணி லீவு போட்டாள். வேலைக்கு வந்த பெடியன்களுக்குச் சமைக்க வேண்டாமா? நண்டு வாங்கி, முருங்கைக்கீரையும் போட்டுக் குழம்பு வைத்தாள். பிட்டு அவித்தாள். பெடியன்கள் கோது கடித்துக் கையெல்லாம் நக்கித் தின்றார்கள். சிவரூபன் மட்டும் தொடவில்லை.

"என்ன மனே, நண்டைக் கண்டா விடமாட்டாயே நீ."

"வயிறு சரியில்ல மாமி."

"அப்ப கஞ்சி வைக்கட்டா?"

"வேணாம் மாமி. தண்ணி குடிச்சாப் போதும்."

அடுத்த நாளும் வயிறு சரியில்லை. அதற்கு அடுத்த நாள் விரதம் என்றான். என்ன விரதம் என்று அவள் கேட்கவில்லை. இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துப் போத்தலில் விட்டுக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு போனான்.

எல்லாம் முடிந்த பிறகு, வேலை சரி என்று சிட்டிக்கு எழுதிக் கொடுக்க வீட்டுச் சூடு அளக்கிற ஆள் ஒருவர் வந்தார். நவரட்ணம் என்று பெயர், எங்கள் ஆள்தான். ஃபேர்னஸைப் பார்த்தார், கூரைக்குள் ஏறிப் பார்த்தார், சுவரில் பூச்சுக்கு மேலும் தெரிகிற வட்டங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு ஸ்குரூட்றைவரை எடுத்துக்கொண்டு, "ரெண்டு மூடியைக் கழட்டி உள்ள பாத்திட்டு மூடிவிடுறன் அண்ணை. ஒரு நிமிசம்தான்," என்றார்.

குஞ்சித்தம்பிக்குச் சுருக்கென்றது. சிவரூபன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"தேவல்ல தம்பி."

"பாத்தா நல்லதுதானே அண்ணை. உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்."

"செய்தது எண்ட தங்கச்சிட மகன். நாளைக்கு இந்த வீட்டில இரிக்கப் போறவன். அவன்ட கண்ணுக்கு முன்னால அவன்ட வேலையைத் துளைச்சுப் பாக்கச் சொல்றீங்களா? அது முறையில்ல. நீங்க எழுதுங்க, நான் கையெழுத்து வைக்கிறன்."

நவரட்ணம் புஸ்பராணியைப் பார்த்தார். "ஓம் தம்பி, எழுதுங்க," என்றாள் அவளும். மருமகனைச் சந்தேகப்படுகிறது அவளுக்கும் கூடாத காரியம். "அப்ப சரி, உங்கட வீடு," என்று ஸ்குரூட்றைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தேனுகா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார். சிவரூபன் கீழே பார்த்துக்கொண்டு நின்றான். பிள்ளைக்கு எவ்வளவு பணிவு என்று அவளுக்குப் பூரிப்பாக இருந்தது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவரூபன் வந்து, இருக்காமல் நின்றுகொண்டே சொன்னான்.

"மாமா, நீங்க கோவிக்கப்படாது. எனக்கு இந்தக் கலியாணம் சரிவராது."

குஞ்சித்தம்பி கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். "ஏன்டா?"

"எனக்கு விருப்பம் இல்ல மாமா. என்னைக் கேக்காதீங்க."

அவ்வளவுதான் கதை. போய்விட்டான். குஞ்சித்தம்பி அன்றையிலிருந்து தங்கச்சிக்குப் போன் எடுக்கவில்லை. புஸ்பராணி வாய்க்கு வந்தபடி ஏசினாள். நன்றி கெட்டவன், நாசமறுந்தவன், கப்பலில் வந்த நாளை மறந்தவன். ஏசி முடிந்ததும் மகளை நினைத்து நெஞ்சு பதறியது. ஊருக்கே தெரிந்த முறை மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனால் பெண்பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்! கோயிலில் சனம் கேட்கும் என்று இரண்டு மாதம் கோயிலுக்குப் போகவில்லை. மகளுக்குப் பிடித்த பால்சோறு வைத்தாள். எருமைத் தயிரைத் தேடித் திரிந்து வாங்கி, கித்துள் மரத்துப் பாணி விட்டுக் கொடுத்தாள். தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள். "அவன் கிடக்கான் புள்ள, உனக்கு நான் இரிக்கன்," என்றாள். பல் டொக்ரரிடம் வேலை செய்கிற இருபத்தாறு வயதுப் பிள்ளை, தாயின் மடியில் தலையை வைத்துக்கொண்டு "இற்ஸ் ஓகே அம்மா," என்றது. தயிரையும் தின்றது.

வீட்டை என்ன செய்கிறது என்று குஞ்சித்தம்பி கேட்டார். "என்ன செய்யிற? கலியாணம் நடந்தா என்ன, நடக்காட்டி என்ன? வீடு அவளுக்குத்தான். எழுதிக் குடுப்பம்," என்றாள் புஸ்பராணி.

கார்த்திகையில் முதல் குளிர் இறங்கியது. முன்னறையைத் திறந்து பிளாஸ்ரிக்கைக் கழற்றி, மகளை அதற்குள் படுக்க வைக்க வேண்டும் என்று புஸ்பராணி வெளிக்கிட்டாள். புதுத் திரை தைத்து வைத்திருந்தாள். சனிக்கிழமை பகல் குஞ்சித்தம்பி ஏணியில் ஏறித் திரைத் தடிக்கு ஆணி முறுக்கினார். முறுக்கின இடம் பழைய ஓட்டையின் மூடி. அழுத்தின அழுத்தத்தில் மூடி உள்ளே போய்விட்டது. போனதோடு நிற்கவில்லை. சுவருக்குள்ளே டக், டக் என்று தட்டிக்கொண்டு அடி வரைக்கும் விழுந்து, கடைசியில் ஒரு தரம் டொக்கென்று நின்றது.

இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். பஞ்சு இருந்தால் மூடி எப்படி விழும்?

"இறங்குங்க," என்றாள் புஸ்பராணி. தான் ஏறினாள். ஓட்டைக்குள் விரலை விட்டாள். ஐஸ் காற்று விரலில் பட்டது. சூடே தெரியாத கைக்குக் குளிர் தெரிந்தது. ஸ்குரூட்றைவரை வாங்கி அடுத்த மூடியைக் குத்தினாள். அதுவும் டக் டக்கென்று விழுந்தது. அதற்கடுத்தது. பின்னறை, நடையறை, தேனுகாவின் அறை. குஞ்சித்தம்பி, "போதும்கா, புஸ்பம், போதும்கா," என்று பின்னால் வந்துகொண்டே இருந்தார். ஒரு சுவரிலும் ஒரு பிடி பஞ்சு இல்லை. ஓட்டை போட்டிருக்கிறான், மூடியிருக்கிறான், பூசிப் பெயின்றும் அடித்திருக்கிறான். நடுவில் செய்ய வேண்டியதை மட்டும் செய்யவில்லை.

அவள் போன் எடுத்து, "வா," என்று மட்டும் சொன்னாள். அவன் வந்தான். அதைச் சொல்லத்தான் வேண்டும், ஓடி ஒளியவில்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே நடையறைச் சுவரில் ஓட்டைகள் தெரிந்தன. அப்படியே நின்றான்.

"பசிக்குதா?" என்றாள் புஸ்பராணி.

"இல்ல மாமி."

"அண்டைக்கும் உனக்குப் பசிக்கல்ல. விரதம் எண்டாய். நான் நம்பிக் கொத்தமல்லி அவிச்சன்."

அவன் கழற்றின சப்பாத்தை ஓரமாக ஒதுக்கி வைத்தான்.

"அந்த மூட்டையெல்லாம் எங்க மனே? கராஜ் நிறைய இரிந்ததே."

"வேற வீட்டுக்குக் கொண்டு போயிட்டன் மாமி. அங்க வேலை பிந்திப் போச்சி, அவங்க சத்தம் போட்டாங்க. அதை அங்க அடைச்சிட்டு உங்களுக்குத் திரும்ப எடுத்து வரலாம் எண்டுதான் நினைச்சன். சத்தியமா நினைச்சன்."

"பிறகு?"

"பிறகு மனசு வரல்ல."

"ஏன்டா வரல்ல?" குஞ்சித்தம்பியின் குரல் உடைந்து வந்தது. "அந்த மனிசன் திறந்து பாக்கட்டா எண்டு கேட்டான். நீ வாசல்ல நிண்டாய். வேணாம், எண்ட மருமகன் எண்டு சொன்னனேடா. உனக்கு முன்னாலதானே சொன்னன்!"

"அதுக்குத்தான் மாமா நான் நிலத்தைப் பாத்தன்."

"ஏன் மனசு வரல்ல? அதைச் சொல்லு," என்றாள் புஸ்பராணி.

அவன் ஒரு ஓட்டையின் விளிம்பை விரலால் தடவினான். "இது எனக்கு வாற வீடு இல்ல எண்டு தெரிஞ்சிட்டு மாமி."

"ஆவணியிலதானே நீ வேணாம் எண்டாய். வேலை செய்தது சித்திரையில."

"நான் வேணாம் எண்டு சொல்லல்ல மாமி. சொன்ன மாதிரி வந்து நிண்டன். அவ்வளவுதான்." தலையைக் குனிந்தான். "ஐஸ் மழை நேரமே தேனுகா சொல்லிட்டா. அவக்கு விருப்பமில்ல. அம்மாக்கு நீயே சொல்லு எண்டன். ஏலா எண்டா. அம்மா செத்துப் போவா எண்டா. நீ சொல்லு, நீ வேணாம் எண்டு சொன்னா என்னை ஒருத்தரும் ஏசமாட்டாங்க எண்டா. நான் ஓம் எண்டன். ஆனா வேலை முடிஞ்சு மாமா கையெழுத்து வைக்குமட்டும் பேசாம இரி எண்டன். இல்லாட்டி மாமா வேலையைத் தரமாட்டார்தானே. எனக்கு அந்த நேரம் அந்த வேலை தேவைப்பட்டது மாமி. கொம்பனி மூடுற நிலமையில இரிந்திச்சு."

குசினியில் ஃபேர்னஸ் காற்று ஊதுகிற சத்தம் கேட்டது. புது ஃபேர்னஸ், நல்ல ஃபேர்னஸ். அது மட்டும் உண்மையாகப் பூட்டப்பட்டிருந்தது. சூட்டை ஊதி ஊதி வெறும் சுவர் வழியாகத் தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

உன்னுடைய படத்தைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் நின்றேனேடா என்று சொல்ல அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அதைச் சொன்னால் அதற்கும் விலை பேசினது மாதிரி ஆகிவிடும்.

"நிரப்பித் தாறன் மாமி," என்றான். "கொஞ்சம் பொறுங்க. எண்ட கையால நிரப்பித் தாறன்."

"உன்ட கை இனி இந்தச் சுவரில படப்படாது. போ."

அவன் போனதும் குஞ்சித்தம்பி ஏணியின் கீழ்ப்படியில் இருந்து அழுதார். அவர் தகப்பன் செத்தபோதுகூட அவள் அவர் அழுது பார்த்ததில்லை. அவள் அழவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு மகள் வருமட்டும் இருந்தாள்.

தேனுகா வந்தாள். சுவரைக் கண்டாள். "ஓ மை கோட், என்னம்மா இது?"

"உள்ள ஒண்டுமில்ல மகள். அவன் அடைக்கல்ல."

"வட்? சிவா அண்ணா அப்பிடிச் செய்யமாட்டார்."

"சிவா அண்ணா." புஸ்பராணி அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னாள். "நீ அவனோட பேசின பேச்சு எல்லாம் எனக்குத் தெரியும். அவன் சொல்லிட்டான்."

தேனுகா கைப்பையை இறக்காமல் நின்றாள். அவள் முகம் மாறினதைப் பார்த்ததும்தான் புஸ்பராணிக்கு உண்மையிலேயே நெஞ்சு வெடித்தது. அதுவரைக்கும் அவளுக்குள் ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது, அவன் பொய் சொல்லியிருப்பான் என்று.

"அம்மா, எனக்கு இந்த வோல் பற்றித் தெரியாது. ஐ ஸ்வெயர். அவர் வேலையைச் சரியாச் செய்வார் எண்டுதான் நினைச்சன்."

"அது தெரியும். நான் அதைக் கேக்கல்ல."

"எப்பிடியம்மா சொல்லுறது உங்களுக்கு? அவர் எனக்கு ஃபெர்ஸ்ட் கசின். நாலு வருசம் ஒரே மேசையில சாப்பிட்ட ஆள். இஞ்ச ஆரம்மா அப்பிடிக் கட்டுவாங்க? நீங்க ரெண்டு பேரும் எவ்ரி டே அதையே கதைச்சா நான் என்ன செய்ய?"

"வேணாம் எண்டு சொல்லலாம்."

"சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களா?"

"அழுதிருப்பன். கத்தியிருப்பன். சாப்பிடாமக் கிடந்திருப்பன். பிறகு கேட்டிருப்பன்." புஸ்பராணி நிதானமாகத்தான் பேசினாள். "நீ விருப்பமில்ல எண்டதுக்கு எனக்குக் கோவமில்ல மகள். உன்ட அப்பா கையெழுத்து வைக்கக்குள்ள நீ தேத்தண்ணி ஊத்தினாயே. வைக்காதீங்க அப்பா எண்டு ஒரு சொல்லுச் சொல்லல்லியே. அவர் ஆரை நம்பி வைச்சார்? மருமகன் எண்டுதானே வைச்சார். அது பொய்யெண்டு அந்த இடத்தில ரெண்டு பேருக்குத் தெரியும், ரெண்டு பேரும் பாத்துக்கொண்டு நிண்டீங்க."

"சொரி அம்மா."

"ஆவணியில உனக்குத் தலையில எண்ணெய் வைச்சன். உன்ட மனசு உடைஞ்சு போச்செண்டு எருமைத் தயிர் தேடித் திரிஞ்சன். அதையும் திண்டாய்."

தேனுகா விம்மினாள். "நான் இந்த வீட்டைக் கேட்டனா அம்மா? எப்பவாவது கேட்டனா?"

கேட்கவில்லைதான். மட்டக்களப்பில் எந்தப் பிள்ளை கேட்டு வீடு கொடுத்தார்கள்?

திங்கட்கிழமை லோண்ட்றியில் துணி இழுக்கும்போது எதிர்ப்பக்கத்தில் நிற்கிற கிறிஸ்ரினா கேட்டாள். யாழ்ப்பாணத்துக்காரி, பத்து வருஷமாக எதிரும் புதிருமாக நின்று வேலை செய்கிறவள். "என்ன அக்கா, முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு?"

புஸ்பராணி சொன்னாள். மெஷின் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. மானம் போகிற கதையைக் கத்திச் சொல்கிற கொடுமை வேறு.

"உவனைச் சும்மா விடுறதே? கேஸ் போடுங்கோ அக்கா."

"ஆருக்கு மேல போடுற கிறிஸ்ரினா? கையெழுத்து எண்ட மனிசன்ட. பார்க்க வேணாம் எண்டது நானும் அவரும். அப்பிடிப் போடுறதெண்டா எண்ட மகளுக்கு மேலயும்தான் போடவேணும்."

கிறிஸ்ரினா துணியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். சூப்பர்வைசர் பார்த்தான். இரண்டு பேரும் திரும்ப இழுத்தார்கள்.

குஞ்சித்தம்பி வீட்டை விற்போம் என்றார். அவள் கேட்கவில்லை. மார்கழி தொடங்கினதும் மகளைக் கூட்டிக்கொண்டு லோயர் செல்வரட்ணத்தின் ஒஃபிசுக்குப் போனாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். "பிள்ளை, ஒண்டைக் கவனமாக் கேளும். வீட்டு வரியோட இந்த இன்சுலேஷன் காசும் கன வருசத்துக்கு வரும். அது அம்மாவோட போகாது. வீடு உம்மட பேருக்கு மாறினா நீர்தான் கட்ட வேணும். விளங்குதே?"

தேனுகா தாயைப் பார்த்தாள். "அம்மா, நீங்களே வைச்சிருங்கவன். நான் காசு தாறன். மாசா மாசம் தாறன். வீடு வேணாம்."

"காசு ஆரு கேட்ட?" என்றாள் புஸ்பராணி. "எங்கட வழக்கத்தில வீடு பொம்பிளப் பிள்ளைக்கு. எண்ட அம்மா எனக்குத் தந்தா. நான் உனக்குத் தாறன். அதில நான் பிழை விடமாட்டன். எனக்கு நீ ஒண்டு செய்யிறதெண்டா இதில கையெழுத்தை வை."

தேனுகா அழுதுகொண்டே வைத்தாள். செல்வரட்ணம் ரிஷ்யூப் பெட்டியை நகர்த்தி வைத்தார்.

காரில் வரும்போது, "பேஸ்மென்றைக் கிளீன் பண்ணுறன் அம்மா. உங்களுக்குப் புதுக் காப்பெற் போடுவம்," என்றாள் தேனுகா.

"நாங்க பேஸ்மென்றுக்கு வரல்ல. வெக்ஸ்போர்டில அப்பார்ட்மென்ற் எடுத்தாச்சு."

"அம்மா!"

"வீட்டைத் தாறதுதான் வழக்கம் மகள். பக்கத்தில இரிக்கிறது விருப்பம். எனக்கு விருப்பமில்ல."

தை மாதத்தில் கொடுங்குளிர் வந்தது. வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்றில் சூடு வாடகையோடு சேர்ந்தது. யாரும் கூட்டவும் ஏலாது குறைக்கவும் ஏலாது. சுவர் ஓரமாகப் போகிற இரும்புக் குழாய் பகலெல்லாம் கொதித்துக்கொண்டே இருக்கும். குஞ்சித்தம்பி பனியனோடு திரிந்தார். "இதென்னகா, லோண்ட்றிக்குள்ள குடிவந்த மாதிரிக் கிடக்கு," என்று அவர் சொன்னபோது புஸ்பராணிக்குப் பல நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துத்தான் இருக்க வேண்டும். வெளியே பனி கொட்ட, உள்ளே வியர்க்கும்.

அப்படி ஒரு ஞாயிறு காலை, அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும்போது போன் வந்தது. தேனுகா. சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். அப்பாவுக்கு இருமல் எப்படி என்று கேட்டாள்.

"அம்மா," என்றாள். "முன் ரூமில சரியாக் குளிருது. ஃபேர்னஸ் ஓடிக்கொண்டேதான் இரிக்கு. எண்டாலும் குளிருது."

இருபத்தாறு வருஷமாகத் தாயிடமிருந்து அந்தப் பிள்ளைக்கு வந்த பதில்கள் இருக்கின்றன. காலுறை போடு மகள், தலையை மூடிப் படு, நான் வாறன், சுடச்சுடக் கொத்தமல்லி அவித்துத் தாறன். அந்தப் பக்கத்தில் தேனுகா அதற்காகத்தான் காத்துக்கொண்டு இருந்தாள். அவள் மூச்சு போனில் கேட்டது. புஸ்பராணிக்கு அத்தனை சொல்லும் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"ஓம் மகள்," என்றாள். "குளிரும். அந்தச் சுவருக்குள்ள ஒண்டுமில்ல."

போனை மேசையில் வைத்தாள். அரிந்த வெங்காயத்தைச் சட்டிக்குள் போட்டாள். பிறகு புழுக்கம் தாங்காமல் போய் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.